மூன்றாவது கையெழுத்து

அத்தியாயம் 14

கீரியும் பாம்பும் ஒரே படகில் ஏறி உட்கார்ந்ததைப் போன வாரம் பார்த்தோம். உப்புத்தளபதி ஒரு பக்கம், காற்றுக்காரி இன்னொரு பக்கம். பதினொரு வருடப் பகை. இவன் அவளுடைய தம்பியைத் தூக்கில் போட்டவன். அவள் இவனுடைய கப்பலை நங்கூரத்தோடு கொளுத்தியவள். அப்பேர்ப்பட்ட இரண்டு பேர் "சரி, பேசலாம்" என்று எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிட்டார்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்கள் பயப்பட வேண்டாம். தூக்கு, தீ, கப்பல் எல்லாம் ஒரு சாப்பாட்டு மேசையின் மேல் நடப்பவை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை. தளபதியாக ஆடுவது பஸ் ஓட்டுகிற தம்பி. காற்றுக்காரியாக ஆடுவது மருந்துக்கடையில் வேலை பார்க்கிற கடைசித் தங்கை, வீட்டில் அவள் பெயர் சின்னவள். ராணி, ஒற்றர்கள், கடல் பூதங்கள், துறைமுகத்தில் மீன் விற்கிறவள், புயல், மழை என்று மிச்சம் அத்தனையும் அக்கா. கதையை நடத்துவது அவள்தான். தன் ஆள் என்ன செய்யப்போகிறான் என்று வாயால் சொல்ல வேண்டியது, இருபது முகப் பகடையை உருட்ட வேண்டியது, பலித்ததா இல்லையா என்பதை அக்கா சொல்ல வேண்டியது. அவ்வளவுதான் விளையாட்டு. வீட்டில் அதற்குப் பெயர் 'கடல்'.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஏற்கெனவே இரண்டு அத்தியாயம் செலவழித்தாகிவிட்டது, மறுபடியும் கிளற வேண்டாம்.

*

பல்செட் செய்கிற லேபில் சனிக்கிழமை அரை நாள் வேலை. பதினோரு மணிக்கு அக்கா ஒரு மேல்வரிசைக்குப் பல் பதித்துக்கொண்டிருந்தாள். ரோஸ் நிற மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, சூடான கத்தியால் அடியில் லேசாகத் தொட்டு, தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒரு பல் அரை நூல் முன்னால் வந்தாலும் போட்டுக்கொள்கிறவர் வாழ்நாள் முழுக்க யாரையோ முறைக்கிற மாதிரி இருப்பார்.

பக்கத்து மேசையில் பாலிஷ் போடுகிறவள் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்குக் கடலா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"முணுமுணுன்னு பேசிக்கிட்டே வேலை பார்க்கறீங்களே. மத்த நாள்ல நீங்க பேசி யார் கேட்டா? நீங்களும் இந்த பிளாஸ்டர் அச்சும் ஒண்ணுதான்."

அக்கா சிரித்தாள். பொய்யாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சிரித்திருக்கலாம்.

அவள் முணுமுணுத்தது ராணியின் வசனம். இந்த இரண்டு வாரமாக அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வருடமாக ஒரு பாறையைக்கூட விட்டுக்கொடுக்காத தளபதி, போன மாதம் ஒரு கோட்டையையே தூக்கிக் கொடுத்தான். காற்றுக்காரி பதிலுக்கு அவனுடைய கைதிகளை ஒரு வார்த்தை பேரம் பேசாமல் விட்டாள். இரண்டு பேரும் ராணியைக் கவிழ்க்கத்தான் கை கோத்திருக்கிறார்கள் என்று அக்கா கண்டுபிடித்துவிட்டாள். இல்லாவிட்டால் இப்படி நடக்குமா?

சங்குத்தீவு ராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காற்றைப் பானையில் அடைத்து மூடி போட்டு விற்கிற தீவு ஒன்று. உப்பையும் வீரர்களையும் தவிர ஒன்றுமில்லாத தீவு இன்னொன்று. இரண்டையும் மோதவிட்டு நடுவில் உட்கார்ந்து குளிர்காய்கிறவள்தான் ராணி. ஆடுகிறவர்களே ராணியின் சூழ்ச்சியைப் புரிந்துகொண்டு எதிர்ச்சூழ்ச்சி செய்கிறார்கள் என்றால், கதை நடத்துகிறவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஆகவே அக்காவும் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில், லேபில், துணி காயப்போடும்போது என்று வாரம் முழுக்க யோசித்து நாற்பத்திரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். இன்று சமாதான ஒப்பந்தம். மூன்று கையெழுத்து விழுந்ததும் ராணியின் முத்திரை போலி என்று தெரியவரும். சண்டை மறுபடியும் பற்றிக்கொள்ளும். சாதாரணமாக ஆடினாலே இரண்டு வருடத்துக்குக் குறையாது.

இரண்டு வருடம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தபோது அவளுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினால் அடுத்த சனிக்கிழமை மூன்று மணி வரைக்கும் அந்த வீட்டில் அவள் குரல்கூடக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் மாலை வரைக்கும் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டாள். பால் வாங்கப் போய்க் கடைக்காரரிடம் வாயைத் திறந்தால் தொண்டை கரகரக்கும். இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டுமே.

*

மேசை மேல் நீலத் துணியை விரித்து, தீவுகளை எடுத்து வைத்தாள். எல்லாம் லேபில் வீணாய்ப்போன அச்சுகள். சங்குத்தீவின் மலை, ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியரின் மேல் அண்ணம். காற்றுத்தீவின் துறைமுகம் யாரோ ஒரு அம்மாவின் கீழ்த்தாடை. கப்பல்கள் ரோஸ் மெழுகு. அதைப் பார்த்துச் சிரிக்காத விருந்தாளி கிடையாது. விருந்தாளி வந்தே பல வருடம் ஆகிறது என்பது வேறு விஷயம்.

இந்தக் கடல் ஆரம்பித்தது ஆஸ்பத்திரி வராந்தாவில். அம்மா உள்ளே இருந்த மூன்று மாதம், வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் அக்கா, "நீங்க ரெண்டு பேரும் ஒரு கப்பல்ல இருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். அம்மா போய்விட்டாள். கப்பல் நிற்கவில்லை.

மூன்று அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே தம்பி வந்துவிட்டான். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்தான். தட்டில் இருந்த பிஸ்கட்டை ஒன்றன் பின் ஒன்றாக எடுத்துத் தின்றான்.

"மத்தியானம் சாப்பிடலையாடா?"

"சாப்ட்டேன்."

"உன் பொண்டாட்டி ஊர்ல இருந்து வந்தாச்சா?"

"அவங்க அம்மாவுக்கு இன்னும் சரியாகலையாம்," என்று சொல்லிவிட்டு அவன் தன் மெழுகுக் கப்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதோட பாய்மரம் வளைஞ்சிருக்கே."

"வெயில்ல வெச்சுட்டேன். நிமிர்த்தித் தர்றேன்."

சின்னவள் மூன்றேகாலுக்கு வந்தாள். கடையிலிருந்து நேராக வருகிறாள், கையில் மருந்து வாசனை. ஆறு வயது இரட்டைப் பிள்ளைகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். உட்காரும்போதே அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனதை அக்கா கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

"ஆரம்பிக்கலாமாக்கா?"

அப்படி அவளாகக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"மூணு கப்பலும் பவளத்திட்டுக்குப் பக்கத்துல நிக்குது," என்று குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தாள். "காத்து கிடையாது. பாய் எல்லாம் தொங்கிக் கிடக்கு. ராணியோட கப்பல்ல இருந்து ஒரு படகு வருது. தூதன் ஏறி வந்து, கையெழுத்துக்கு முன்னாடி உங்க ரெண்டு பேரையும் தனித்தனியாப் பார்க்கணும்ங்கறான்."

தனியாகப் பேசுவது என்றால் சமையலறைக்குப் போக வேண்டும். அது இவர்கள் வழக்கம். ஒருத்தருக்குச் சொல்கிற ரகசியம் மற்றவர் காதில் விழக் கூடாது. பதினொரு வருடத்தில் அந்தச் சமையலறையில் எத்தனை அரசுகள் கவிழ்ந்திருக்கின்றன என்று கணக்கே இல்லை.

முதலில் தம்பி. அக்கா கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தூதனாக மாறினாள்.

"தளபதி, காற்றுக்காரி இன்னிக்கு உங்க கப்பல்ல தங்கப்போறா. அந்த அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாதுன்னு ராணிக்குத் தெரியும். நாளைக்குக் காலையில அவ இல்லைன்னா, ராணியோட சிம்மாசனத்துல பாதி இடம் காலியா இருக்கும். இதுக்கு மேல நான் சொல்லக் கூடாது."

போன வருடம் என்றால் தம்பிக்குக் கண் பளபளத்திருக்கும். இப்போது அவன் பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேண்டாம்னு சொல்றான்."

"உருட்டலையா? தூதன் பொய் சொல்றானான்னு பார்க்க வேண்டாமா?"

"பரவால்லக்கா. வேண்டாம்னு சொல்றான்."

அடேயப்பா, என்ன அழுத்தம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். பகடையைக்கூடத் தொடாமல் ராணியின் தூதனைத் திருப்பி அனுப்புகிறான் என்றால், எவ்வளவு ஆழமாகத் திட்டம் போட்டிருப்பான். அவளுக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

அடுத்து சின்னவள் வந்தாள். வந்தவள் தொட்டியில் கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.

"தலைவியே, கடல்ல இருக்கிற அத்தனை காற்றுப்பானையும் உங்களுக்கே. ஒரே ஒரு விலை. தளபதியோட கப்பல்."

"வேண்டாம். கையெழுத்துப் போட்டுடலாம்."

"அவ்வளவு சீக்கிரமா?"

"ம். போட்டுடலாம்கறா."

அக்காவிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. ஏழு வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. காற்றுக்காரியின் தம்பியைத் தளபதி தூக்கில் போட்ட சனிக்கிழமை, சின்னவள் நிஜமாகவே அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, "இதுக்கு நான் பழி வாங்காம விடமாட்டேன்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். அவள் போன பிறகு அக்கா நோட்டை எடுத்து, 'தூக்கில் தொங்கியது வேறு ஆள்' என்று எழுதி வைத்தாள். ஒரு நாள் தங்கையைச் சந்தோஷப்படுத்தலாம் என்று எழுதிய வரி அது.

"தலைவியே," என்றாள் அக்கா, தூதனின் குரல் கொஞ்சம் பிசிறியது. "உங்க தம்பி சாகலை. ராணியோட கோட்டைக்குக் கீழே உயிரோட இருக்கான். கையெழுத்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டா, கூட்டிட்டு வந்து காட்டறேன்."

சின்னவளின் கை நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடினாள். கடிகாரம் இங்கிருந்து தெரியாது, ஆனாலும் அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"அதுவும் வேண்டாம்."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

சூழ்ச்சி செய்கிறவர்களுக்கு ஏதாவது ஒன்று வேண்டும். பானை வேண்டும், சிம்மாசனம் வேண்டும், பழி வாங்க வேண்டும். இந்த இரண்டு பேருக்கும் எதுவுமே வேண்டியிருக்கவில்லை. கோட்டையைக் கொடுத்ததும் கைதிகளை விட்டதும் ராணியைக் கவிழ்க்க அல்ல. சீக்கிரம் சமாதானம் ஆகட்டும், கதை முடியட்டும் என்றுதான். அதைப் போய் அக்கா மகா ராஜதந்திரம் என்று நினைத்து நாற்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு வந்தீங்களா?" இப்போது பேசியது தூதன் இல்லை.

சின்னவள் டம்ளரைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த டம்ளர்.

"கோவிச்சுக்காதக்கா."

"கோவம் இல்ல. கேக்கறேன்."

"எனக்கு முடியலக்கா. ஆறு நாளும் கடையில நின்னுட்டே இருக்கேன். வீட்டுக்குப் போனா அதுங்க ரெண்டும். ஒரு நாள் மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம், யாரும் என்னை எதுவும் கேக்காம நான் தூங்கணும். இங்க வந்தா அடுத்து என்ன பண்றேன்னு நீ கேட்டுட்டே இருக்கே."

"எவ்வளவு நாளா இப்படி?"

அவள் டம்ளரை அலமாரியில் கவிழ்த்து வைத்தாள்.

"சொல்லுடி."

"குழந்தைங்க பிறந்ததுல இருந்தே."

ஆறு வருடம். முந்நூறு சனிக்கிழமை. ஒவ்வொன்றுக்கும் அவள் பஸ் பிடித்து, மூன்று மாடி ஏறி, உட்கார்ந்து, பகடை உருட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? உனக்கு இது ஒண்ணுதானேக்கா இருக்கு."

அடித்திருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அவள் கேஸ் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் இந்த வீட்டுக்கு இரண்டு ஆட்டக்காரர்கள் வருகிறார்கள் என்று நினைத்திருந்தாள். நோயாளியைப் பார்க்க வருகிற மாதிரிதான் வந்துபோயிருக்கிறார்கள்.

"அவனுக்கும் வேண்டாமா?" என்று கேட்டாள்.

சின்னவள் ஒரு நொடி தயங்கினாள். "ம். அண்ணனுக்கும்தான்."

*

மேசைக்குத் திரும்பினார்கள். தம்பி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான், பிறகு துணியின் ஓரத்தை நீவிவிட ஆரம்பித்தான்.

அக்காவுக்கு முன்னால் அந்த நாற்பத்திரண்டு பக்கம் ஒரு ஃபைலுக்குள் இருந்தது. முத்திரை போலி என்று ஒரு வரி சொன்னால் போதும். கதை நடத்துகிறவள் சொன்னால் சொன்னதுதான், இவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். முனகிக்கொண்டாவது வருவார்கள். இரண்டு வருடத்துக்குச் சனிக்கிழமைகள் அவள் கையில் இருக்கும்.

ஆசை யாரை விட்டது. அவள் கை ஃபைலைத் திறக்கக்கூடத் திறந்தது.

ஆனால் சின்னவளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அன்றுதான் அவள் உட்கார்ந்து பார்த்தாள். பல்லுக்கும் உதட்டுக்கும் அரை நூல் வித்தியாசத்தைப் பிடிக்கிற கண், ஆறு வருடமாக எதிரே உட்கார்ந்திருக்கிற முகத்தைப் பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது. ஃபைலை மூடி நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"தூதன் படகுல இறங்கிப் போயிட்டான்," என்றாள். "ராணியே வர்றா. ஒப்பந்தத்தை விரிக்கறா. மூணு கையெழுத்து."

எப்போதும் போல நிஜக் காகிதம் ஒன்றை எழுதி வைத்திருந்தாள். சின்னவள் பேனாவை வாங்கிக் காற்றுக்காரியின் பானை அடையாளத்தைப் போட்டாள். தம்பிக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். சின்னவள் அவன் முழங்கையைத் தொட்டாள். அவனும் போட்டான்.

மூன்றாவது ராணியுடையது. ராணி என்றால் அக்கா. முடிக்க வேண்டாம் என்று நினைத்தால் முடிக்காமல் இருக்கக்கூடியவளும் அவள் ஒருத்திதான். சங்கு அடையாளத்தை அவள் எத்தனையோ ஓலையில், எத்தனையோ மிரட்டல் கடிதத்தில் போட்டிருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு வரும். அன்றைக்குச் சங்கின் சுருள் கோணிவிட்டது.

ஏதாவது ஒரு பாத்திரம் கதையை விட்டுப் போனால், "இறங்கினப்புறம் எங்க போவாங்க?" என்று அக்கா கேட்பாள். கேட்டாள்.

"வீட்டுக்குப் போவா," என்றாள் சின்னவள். "கதவைச் சாத்திட்டுத் தூங்குவா. தம்பி உயிரோட இருக்கான்ல, அவனை எழுப்பச் சொல்லிட்டுத் தூங்குவா."

"தளபதி?"

"கப்பல்லயே இருப்பான்," என்றான் தம்பி.

"சண்டைதான் முடிஞ்சிருச்சேடா. கரைக்குப் போகலாமே."

"இல்ல. கப்பல்லயே இருக்கட்டும்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுகிற மாதிரி, "ராணி எங்கக்கா போவா?" என்று கேட்டாள்.

பதினொரு வருடத்தில் அந்தக் கேள்வியை அக்காவிடம் யாரும் கேட்டதில்லை.

"தெரியல," என்றாள் அக்கா. "ராணிக்கு நான் அதெல்லாம் எழுதலை."

மணி நாலு இருபது. சின்னவள் எழுந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "சும்மா வருவேன்க்கா. இது இல்லாம, சும்மா. பசங்களைக் கூட்டிட்டு வருவேன்." வருவாள்தான், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம். அக்கா தலையாட்டினாள். இரண்டு பேரும் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

ஆறு மணி வரைக்கும் ஒரு மணி நாற்பது நிமிடம் மீதி இருந்தது. அதை என்ன செய்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. தீவுகளைத் தாளில் சுற்ற ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியரைச் சுற்றினாள். அந்த அம்மாவின் தாடையைச் சுற்றினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இத்தனை நாள் அடக்கி வைத்ததற்கும் சேர்த்து அழுதாள். சத்தம் போட்டுத்தான் அழுதாள். கேட்க யார் இருக்கிறார்கள்?

காலிங் பெல் அடித்தது.

*

தம்பி நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"என்னடா, எதையாவது விட்டுட்டியா?"

"அழுதியா?"

"வெங்காயம்," என்றாள் அக்கா. சமையலறையில் விளக்குக்கூடப் போட்டிருக்கவில்லை.

அவன் உள்ளே வந்து, சுற்றி வைத்திருந்த பொட்டலங்களைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தான்.

"உனக்கு இப்ப நிம்மதிதானேக்கா?"

"எனக்கு என்ன நிம்மதி?"

"சின்னவ சொன்னாளே. உனக்குக் கண்ணு எரியுது, லேப் வேலையும் பார்த்துட்டு இதையும் எழுத முடியல, எங்களுக்காகத்தான் இழுத்துட்டு இருக்கேன்னு சொல்லி வருத்தப்பட்டியாம்."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலையா?"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பதினொரு வருடக் கடலில் சின்னவள் செய்த ஒரே உருப்படியான சூழ்ச்சி இது. செய்தது கதைக்கு வெளியே. அக்காவுக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அந்தக் கருவளையம் நினைவுக்கு வர, கோபம் தங்கவில்லை.

"அப்ப உனக்கு முடிக்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

தம்பி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"காலையில அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கறேன். நாள் பூரா முதுகுக்குப் பின்னாடி நூறு பேர். ஒருத்தர்கிட்டயும் பேசக் கூடாதுன்னு போர்டே மாட்டியிருக்கு. சனிக்கிழமைதான்க்கா நான் பேசறதே."

"பைத்தியமாடா நீ? வீட்ல பொண்டாட்டி, புள்ள இருக்காங்க, அவங்ககிட்டப் பேசறதுக்கு என்ன?"

"இல்ல."

"ஊர்ல இருந்து வந்துருவா. இன்னும் எத்தனை நாளைக்கு..."

"ஊருக்குப் போகலக்கா. போயிட்டாங்க. ரெண்டு பேரும். பீரோவுல பாதி காலி." அவன் மேசைத் துணியின் நூல் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தான். "ரெண்டு மாசமாச்சு. எங்க இருக்கான்னு தெரியாது. போன் எடுக்கறதில்ல. அவங்க அம்மாவைக் கேட்டா, அவளா பேசுவா, வெயிட் பண்ணுங்கன்னு சொல்றாங்க."

இரண்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் இவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான். பத்து நிமிடம் முன்னாலேயே வருகிறான். தட்டைக் காலி செய்கிறான். இவள் தளபதியின் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னடா நடந்துச்சு?"

"சொல்றேன். இன்னிக்கு வேண்டாம்." பிறகு அவசரமாக, "சின்னவகிட்டச் சொல்லிடாத. அவ தாங்க மாட்டா. அவளுக்கே அவ பாடு பெரும்பாடா இருக்கு" என்றான்.

"சொல்லலை."

"சத்தியமா?"

"சொல்லலைடா. கையைக் கழுவிட்டு வா, சாதம் இருக்கு."

அவன் எழுந்து போனான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மேசை மேல் அக்காவின் போன் அதிர்ந்தது. சின்னவள். 'வீட்டுக்கு வந்துட்டேன்க்கா. நான் பஸ் ஏறும்போது அண்ணன் கீழயே நின்னுட்டு இருந்தான். கிளம்பிட்டானா?'

அக்கா சமையலறைப் பக்கம் பார்த்தாள். 'அப்பவே கிளம்பிட்டான்' என்று அனுப்பினாள்.

அனுப்பிய கையோடு அடுத்தது வந்துவிட்டது.

'நல்லதாப் போச்சு. அண்ணி இங்க எங்க வீட்டு வாசல்ல நிக்கறா, குழந்தையோட. ரெண்டு மாசமா தனியா ரூம் எடுத்துத் தங்கியிருக்காளாம். அண்ணனுக்குத் தெரியக் கூடாதுன்னு அழறா. நாளைக்குக் காலையில கூட்டிட்டு உங்கிட்ட வர்றேன். அவன்கிட்ட மூச்சு விட்றாத.'

தம்பி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"யாருக்கா போன்ல?"

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"லேப்ல இருந்து," என்றாள். "திங்கட்கிழமை சீக்கிரம் வரணுமாம்."

தம்பி சரி என்று தலையாட்டிவிட்டுத் தட்டு எடுக்கப் போனான். அக்கா சொன்னால் அவன் நம்பிவிடுவான். பதினொரு வருடமாக அப்படித்தான்.